தொழிற்சாலை நீர் வடிகட்டும் அமைப்பைப் பராமரிப்பது எப்படி: மணல் வடிகட்டி முதல் ஆர்.ஓ. வரை முழுமையான வழிகாட்டி

ஒரு மாதத்துக்கு மேல் வரவேண்டிய மைக்ரான் கார்ட்ரிட்ஜ் (நுண்துகளைப் பிடிக்கும், மாற்றிப் போடும் வடிகட்டிக் குழல்) நாலைந்து நாளிலேயே அடைத்துக்கொள்கிறது. பெரும்பாலான ஆலைகளில் இதற்கு நடக்கும் வைத்தியம், இன்னும் இரண்டு பெட்டி கார்ட்ரிட்ஜ் வாங்கி அடுக்கி வைப்பதுதான். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் வேறு கம்பெனி சரக்கை மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு கார்ட்ரிட்ஜில் இருப்பதில்லை. அதற்கு முன்னால் நிற்கும் மணல் வடிகட்டி சரியாகக் கழுவப்படாமல் சேற்றைத் தள்ளிவிடுகிறது, அதைக் கார்ட்ரிட்ஜ் வாங்கிக்கொள்கிறது. கவனிக்காமல் விட்டால் அடுத்தது, உப்பை நீக்கும் ஆர்.ஓ. (எதிர் சவ்வூடு பரவல்) அமைப்பின் மெல்லிய சவ்வான மெம்பிரேன்.

இந்த அமைப்புகளில் ஒவ்வொரு கலனும் தனக்கு அடுத்த கலனைக் காப்பதற்காகவே நிற்கிறது. அதனால் கோளாறு வெளியே தெரியும் இடம் ஒன்றாகவும் அது தொடங்கிய இடம் வேறாகவும் இருக்கும். தொடங்கிய இடம் பெரும்பாலும் தண்ணீர் வரும் திசையில் ஒரு கலன் முன்னால்தான். கீழே உள்ள படிகளும் தண்ணீர் போகும் வரிசையிலேயே போகின்றன. உங்கள் ஆலையில் இவை எல்லாமே இருக்க வேண்டும் என்பதில்லை, இல்லாததைத் தாண்டிவிடலாம்.

படி 1: குழாயோடு நடந்து படம் வரையுங்கள்

ஆலையைக் கட்டியவர் கொடுத்த வரைபடம் அலமாரியில் இருக்கும். அதை நம்ப வேண்டாம். நடுவில் யாரோ ஒரு பைபாஸ் (கலனைச் சுற்றிப் போகும் குழாய்) போட்டிருப்பார்கள், ஒரு வால்வைக் கழற்றிப் பிளாங்க் (அடைப்புத் தட்டு) அடித்திருப்பார்கள். மூல நீர்த் தொட்டியில் தொடங்கிக் கடைசிச் சேமிப்புத் தொட்டி வரை குழாயைப் பின்தொடர்ந்து நடந்து, ஒவ்வொரு வால்வுக்கும் எண் கொடுத்து, கையாலேயே படம் வரையுங்கள். சாம்பிள் எடுக்கும் குழாய்கள், பிரஷர் கேஜ்கள், டோசிங் மருந்து (அளவாகச் செலுத்தும் வேதிப்பொருள்) உள்ளே சேரும் புள்ளிகள், வடிகால்கள் எல்லாம் அதில் வர வேண்டும். ஒவ்வொரு கலனின் விட்டமும் உள்ளே இருக்கும் ஊடகத்தின் (மணல், கரி போன்றவை) உயரமும் படத்திலேயே எழுதப்பட வேண்டும். பின்னால் வரும் கணக்குகள் எல்லாம் அந்த இரண்டு எண்களில்தான் நிற்கின்றன.

படி 2: நன்றாக இருக்கும்போதே அளந்து வையுங்கள்

காய்ச்சல் என்று சொல்ல இயல்பான உடல் வெப்பம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். வடிகட்டியும் அப்படித்தான். புதிய ஊடகம் போட்ட அன்று, அல்லது முழுமையாகக் கழுவி முடித்த அன்று, ஒவ்வொரு கலனின் நுழைவு அழுத்தம், வெளியேறும் அழுத்தம், ஓட்டம் மூன்றையும் எழுதி வையுங்கள். இரண்டு அழுத்தங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கலனின் உடல்நிலை. இனிமேல் வரும் எல்லா அளவுகளையும் இந்த முதல் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஓட்டம் குறைந்தால் அழுத்த வித்தியாசமும் தானாகக் குறையும். பாதி ஓட்டத்தில் எடுத்த அளவைப் பார்த்து 'வடிகட்டி சுத்தமாக இருக்கிறது' என்று முடிவுகட்டக் கூடாது. எப்போதும் அதே ஓட்டத்தில் அளக்க வேண்டும், அல்லது பக்கத்திலேயே ஓட்டத்தையும் எழுத வேண்டும்.

இரண்டாவது, கேஜ். 0 முதல் 10 பார் வரை காட்டும் இரண்டு சாதாரணக் கேஜ்களை வைத்துக்கொண்டு 0.3 பார் வித்தியாசத்தைப் பிடிக்கப் பார்ப்பது வீண் வேலை. ஒவ்வொன்றின் பிழையே அந்த அளவுக்கு இருக்கக்கூடும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு: நுழைவிலிருந்தும் வெளியேறும் இடத்திலிருந்தும் சிறு குழாய் இழுத்து, ஒரே கேஜில் இரண்டு சிறு வால்வுகள் வழியாகச் சேர்த்துவிடுங்கள். ஒரு வால்வைத் திறந்து படிக்கலாம், அதை மூடி மற்றதைத் திறந்து படிக்கலாம். கேஜ் கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய அதே தப்பு என்பதால், கழிக்கும்போது அது பெரும்பாலும் மறைந்துவிடும்.

லாக் ஷீட் எல்லா ஆலையிலும் இருக்கிறது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரி நிரப்பப்படுகிறதா என்பதுதான் கேள்வி. நாள் முழுக்க ஒரு எண்கூட மாறாத லாக் ஷீட்டைக் கண்டால், மேற்பார்வையாளர் போய் ஒருமுறை கேஜைத் தட்டிப் பார்க்க வேண்டும். முள் செத்துப்போயிருக்கும், அல்லது யாரும் பார்க்கவில்லை.

படி 3: மணல் வடிகட்டியும் பேக்வாஷும்

எல்லாக் கோளாறுகளுக்கும் தாய்வீடு இதுதான் என்பது என் கணிப்பு. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பேக்வாஷ் என்பது தண்ணீரைத் தலைகீழாக விடுவது மட்டும் இல்லை. மணல் படுகை முழுவதும் எழும்பி, மணிகள் ஒன்றோடொன்று உரசி, ஒட்டியிருக்கும் அழுக்கு கழன்று வர வேண்டும். அதற்குப் படுகை 20 முதல் 30 சதவீதம் வரை உயர வேண்டும். அதாவது ஒரு மீட்டர் மணல் இருந்தால் 20 முதல் 30 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். மணலின் பருமனைப் பொறுத்து, இதற்கு மேல்நோக்கிய வேகம் பொதுவாக மணிக்கு 30 முதல் 45 மீட்டர் தேவைப்படும். வடிகட்டும்போது ஓடும் வேகம் மணிக்கு 10, 12 மீட்டர்தான்.

இதைக் கலனின் அளவுக்கு மாற்றிப் பாருங்கள். 1.2 மீட்டர் விட்டமுள்ள கலனின் குறுக்குப் பரப்பு 1.13 சதுர மீட்டர். மணிக்கு 12 மீட்டர் வேகத்தில் வடிகட்ட அதற்கு மணிக்கு 13.6 கன மீட்டர் தண்ணீர் போதும். 36 மீட்டர் வேகத்தில் கழுவ மணிக்கு 40 கன மீட்டருக்கு மேல் வேண்டும். வடிகட்ட ஓடும் அதே ஒற்றைப் பம்பை வைத்தே பேக்வாஷும் செய்யும் ஆலைகள் ஏராளம். அந்தப் பம்பால் 40 கொடுக்க முடியாது. மணல் எழும்பாது; மேலே உள்ள மெல்லிய சேறு மட்டும் கலங்கி வெளியே போகும், வடிகாலில் கலங்கல் தெரிவதால் எல்லாருக்கும் திருப்தி. உள்ளே அழுக்கு மணலோடு உருண்டு, களிமண் உருண்டைகளாகத் திரண்டுகொண்டிருக்கும். பேக்வாஷ் ஓட்டத்தை இதுவரை நீங்கள் அளந்ததே இல்லை என்றால், இந்த வழிகாட்டியில் முதலில் செய்ய வேண்டியது அதுதான். மீட்டர் இல்லாவிட்டால், பேக்வாஷ் எடுக்கும் தொட்டியின் மட்டம் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தே கணக்கிடலாம். அந்த நேரத்தில் தொட்டிக்குள் தண்ணீர் வரும் வால்வு மூடியிருக்க வேண்டும்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. அழுத்த வித்தியாசம் சுத்தமான நிலையைவிட 0.5 பார் கூடியதும், அல்லது வெளியேறும் நீரின் கலங்கல் ஏறியதும் பேக்வாஷுக்கு எடுங்கள். இரண்டும் நடக்காவிட்டாலும் சில நாளுக்கு ஒருமுறை கழுவுவது நல்லது. நீண்ட நாள் அசையாத படுகை இறுகிவிடும்.
2. வடிகட்டியை நிறுத்தி அழுத்தத்தை இறக்குங்கள். காற்று ஊதும் வசதி இருந்தால், தண்ணீர் மட்டத்தைக் குறைத்துவிட்டு முதலில் சில நிமிடம் காற்று கொடுங்கள்.
3. பேக்வாஷ் வால்வை மெதுவாகத் திறங்கள். ஒரேயடியாகத் திறந்தால் அடியில் அடுக்கிய கூழாங்கல் படுகை புரண்டுவிடும். குழாயில் சிக்கிய காற்றும் இதையே செய்யும். புரண்ட இடத்தின் வழியாக மணல் இறங்கி, கலனின் அடியிலுள்ள சல்லடையான ஸ்ட்ரெய்னரை அடைத்துக்கொள்ளும்.
4. வடிகால் நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே 10 முதல் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைவிடப் பாட்டில் சொல்வதே முக்கியம். தெளியவில்லை என்றால் நிறுத்த வேண்டாம்.
5. வடிகால் வாயில் ஒரு சன்னமான சல்லடையைச் சிறிது நேரம் பிடியுங்கள். மணல் சிக்கினால் ஓட்டம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள்.
6. வால்வை மெதுவாக மூடிப் படுகை அமரச் சில நிமிடம் விடுங்கள். பிறகு கீழ்நோக்கி ரின்ஸ் கொடுத்து, தெளிந்த நீர் வரும்வரை வடிகாலில் விடுங்கள். கழுவிய உடனே வரும் முதல் நீர் கலங்கலாகத்தான் இருக்கும். அதை அடுத்த கலனுக்கு அனுப்பினால் கழுவியதன் பயன் பாதி போய்விடும்.
7. ஓட்டம் நிலைத்ததும் அழுத்த வித்தியாசத்தை எழுதுங்கள். முதல் எண்ணுக்குத் திரும்பவில்லை என்றால் கழுவல் முடியவில்லை.

ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை: வெதுவெதுப்பான நீரின் பிசுக்கு குறைவு. அதே ஓட்டத்தில் குளிர்ந்த நீர் மணலை அதிகம் தூக்கும், வெப்பமான நீர் குறைவாகத் தூக்கும். ஆகவே வெயில் காலத்தில் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும், குளிர் காலத்தில் குறைக்க வேண்டியிருக்கும்.

அழுத்த வித்தியாசம் ஏறினால் எல்லாரும் கவனிப்பார்கள். ஒருநாள் திடீரென்று முதல் எண்ணுக்கும் கீழே இறங்கினால் மகிழ்ச்சியோடு விட்டுவிடுவார்கள். அதுதான் அதிக ஆபத்து. படுகையில் ஓட்டை விழுந்து தண்ணீர் அதன் வழியே நேராக ஓடுகிறது, அல்லது மணல் குறைந்துவிட்டது, அல்லது பைபாஸ் வால்வு கசிகிறது. மூன்றில் எது என்று அறிய மேன்ஹோலைத் திறந்து படுகையின் மேற்பரப்பைப் பார்ப்பதே வழி. சமமாக இருக்க வேண்டிய இடத்தில் மேடும் பள்ளமும் சுவரோரம் பிளவும் தெரிந்தால், கம்பியை விட்டுக் களிமண் உருண்டைகளைத் தேடுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து மணலின் உயரத்தை அளக்க வேண்டும்.

படி 4: கரி வடிகட்டி

ஆக்டிவேட்டட் கார்பன் என்னும் கரியின் முக்கிய வேலை குளோரினையும் கரிமப் பொருள்களையும் பிடிப்பது. சேறு பிடிப்பது அதன் வேலை இல்லை. அது மணல் வடிகட்டியோடு முடிந்திருக்க வேண்டும். கரியை பேக்வாஷ் செய்வது படுகையைத் தளர்த்தவும் தூசியை வெளியேற்றவும் மட்டுமே. தீர்ந்துபோன கரி கழுவினால் மீளாது. அது தீர்ந்துவிட்டதா என்பதை அழுத்தம் சொல்லாது. வெளியேறும் நீரில் குளோரின் சோதனை ஒன்றே சொல்லும். பின்னால் ஆர்.ஓ. இருந்தால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இந்தச் சோதனை வேண்டும். கரி மணலைவிட மிக லேசானது. மணலுக்கு விடும் ஓட்டத்தை இதற்கும் விட்டால் கரி வடிகாலில் போய்விடும்.

குளோரின் நீங்கியதும் நுண்ணுயிர் பெருகத் தடையில்லாமல் போகிறது. கரிப் படுகை அதற்கு மிக வசதியான இடம். வெளியேறும் நீரில் வழுவழுப்பு, மண் வாடை, பின்னால் உள்ள கார்ட்ரிட்ஜில் பிசுபிசுப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். ஓடாமல் நாள்கணக்கில் நிற்கும் கரி வடிகட்டி இதில் மோசமானது. கலனும் குழாயும் வெப்பம் தாங்குமானால் வெந்நீரால் கிருமி நீக்கலாம். இல்லாவிட்டால் கரியை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

புதிய கரியைப் போட்டதும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற விடுங்கள். துளைகளில் உள்ள காற்று வெளியேறாமல் பேக்வாஷ் செய்தால் கரி மிதந்து வெளியேறும். பிறகு கறுப்பு நீர் நிற்கும்வரை கழுவுங்கள். அந்தக் கரித்தூள் மெம்பிரேனுக்குப் போகக் கூடாது.

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: ஈரமான ஆக்டிவேட்டட் கார்பன் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் வடித்த கரிக் கலனுக்குள் வாடை ஏதும் இல்லாமலே மூச்சுவிட முடியாத நிலை இருக்கும். உள்ளே இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஆக்சிஜன் மீட்டரால் அளந்து 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதை உறுதி செய்து, தொடர்ந்து காற்று ஊதி, இடுப்பில் கயிறு கட்டி, வெளியே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒழிய யாரும் இறங்கக் கூடாது. அழுத்தக் குழாய்களின் வால்வுகளுக்குப் பூட்டு போட்டு, சாவியை இறங்குபவரே வைத்துக்கொள்ள வேண்டும். 'ஒரு நிமிஷ வேலைதானே' என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

படி 5: சாஃப்ட்னர்

நீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னரின் வெளியேறும் நீரை, கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் சோதிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதனால் எந்தப் பயனும் இல்லை. ரெசின் (சாஃப்ட்னருக்குள் இருக்கும் செயற்கைப் பிசின் மணிகள்) கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. மொத்த உப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். கடினத்தன்மையை அதற்குரிய துளிச் சோதனையால்தான் பார்க்க வேண்டும். இண்டிகேட்டர் போட்டதும் நீர் சிவந்தால் கடினத்தன்மை இருக்கிறது, நீலமாகவே இருந்தால் இல்லை.

தீர்ந்த ரெசினைப் புதுப்பிக்க எத்தனை கன மீட்டருக்கு ஒருமுறை உப்பு ஏற்றுவது என்பது கணக்குப் போட்டே தெரிய வேண்டியது. நடைமுறையில் ஒரு லிட்டர் ரெசின் கால்சியம் கார்பனேட் கணக்கில் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 500 லிட்டர் ரெசின் 25 கிலோ பிடிக்கும். மூல நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றால், ஒரு கன மீட்டரில் 250 கிராம். ஆக 100 கன மீட்டர் வரை ஓட்டலாம். மூல நீர் 500 ஆக ஏறிய மாதத்தில் அதே சாஃப்ட்னர் 50 கன மீட்டரோடு நின்றுவிடும். அப்போது 'ரெசின் கெட்டுவிட்டது' என்று ஆள் கூப்பிடும் முன்னால் மூல நீரைச் சோதிக்க வேண்டும்.

உப்புக் கரைசல் ஏறக்குறைய 10 சதவீதச் செறிவில், அரை மணி நேரமாவது ரெசினோடு மெதுவாக உறவாட வேண்டும். அவசரப்பட்டு வேகமாக ஓட்டினால் உப்பு வடிகாலுக்குத்தான் போகும். உப்புக்கு முன்னால் செய்யும் பேக்வாஷில் ரெசின் ஏறக்குறைய பாதி உயரம் கூடுதலாக எழும்பலாம். அதற்கு மணிக்கு 10 முதல் 15 மீட்டர் வேகமே போதும். உப்புத் தொட்டியின் அடியில் தேங்கும் மண்ணையும் அவ்வப்போது அள்ளுங்கள். அது நேராக ரெசின் மீதுதான் போய்ச் சேரும்.

உப்பு ஏற்றிய உடனேயே கடினத்தன்மை தெரிந்தால் ரெசினைச் சந்தேகிப்பதற்கு முன் பைபாஸ் வால்வைப் பாருங்கள். நாளாக ஆகக் கொள்ளளவு குறைந்துகொண்டே போய், ரெசின் செங்கல் நிறம் காட்டினால் இரும்பு படிந்திருக்கிறது. அதற்குத் தனி மருந்துக் கழுவல் தேவை. ஆனால் இரும்பை ரெசினுக்கு முன்பே நீக்காதவரை கழுவியதும் திரும்ப வரும்.

படி 6: டோசிங்

டோசிங் பம்ப் சத்தம் போடுகிறது என்பதற்காக மருந்து போகிறது என்று அர்த்தமில்லை. உறிஞ்சும் பக்கம் காற்று சிக்கினால் டயாஃப்ரம் அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு துளியும் நகராது. நம்பத்தக்க சாட்சி தொட்டியின் மட்டம்தான். மணிக்கு 20 கன மீட்டர் நீருக்கு, லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஆண்டிஸ்கேலன்ட் (உப்புச் செதில் படியாமல் தடுக்கும் மருந்து) வேண்டும் என்றால் மணிக்கு 60 கிராம். கரைசலில் லிட்டருக்கு 100 கிராம் மருந்து இருந்தால் மணிக்கு 0.6 லிட்டர், ஒரு நாளைக்கு 14 லிட்டருக்குச் சற்று மேல். தொட்டி ஒரு நாளில் அந்த அளவு இறங்கியதா என்று தினமும் பாருங்கள். இறங்கவில்லை என்றாலும் தவறு, இரண்டு மடங்கு இறங்கினாலும் தவறு.

ஹைப்போ (குளோரின் தரும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் இழக்கும். நிழலில் வைத்து, பழைய சரக்கை முதலில் தீருங்கள். குளோரினை நீக்கப் போடும் சோடியம் மெட்டாபைசல்பைட்டை நீர்த்த கரைசலாகக் கலக்கி வைத்தால் சில நாளிலேயே கெட்டுவிடும், ஆகவே கொஞ்சமாகக் கலக்குங்கள். நடைமுறையில் 1 மில்லிகிராம் குளோரினுக்கு ஏறக்குறைய 3 மில்லிகிராம் தேவை. ஹைப்போ டப்பாவும் அமில டப்பாவும் ஒரே அறையில், ஒரே நிறத்தில், ஒரே புனலோடு இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

படி 7: கார்ட்ரிட்ஜைக் கழற்றி விசாரியுங்கள்

அழுத்த வித்தியாசம் 0.7 முதல் 1 பார் வந்ததும் மாற்றுங்கள். ஏறாவிட்டாலும் 3 மாதத்துக்கு மேல் விட வேண்டாம், நுண்ணுயிர் குடியேறும். கழுவித் திரும்பப் போடுவது சிக்கனம் இல்லை. நார்கள் விரிந்து, 5 மைக்ரான் என்பது பெயருக்கு மட்டும் இருக்கும்.

கழற்றியதைக் குப்பையில் போடும் முன் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வழுவழுப்பு இருந்தால் கரி வடிகட்டியில் உயிர் வளர்கிறது. செம்பழுப்பு என்றால் இரும்பு. கறுப்புத்தூள் என்றால் கரி உடைகிறது. மணலோ ரெசின் மணிகளோ இருந்தால் முந்தைய கலனின் அடியில் ஸ்ட்ரெய்னர் உடைந்திருக்கிறது. அன்றே நிறுத்திப் பார்க்க வேண்டியது அது. மாதக்கணக்கில் அழுத்தமே ஏறாமல் வெள்ளையாக இருக்கும் கார்ட்ரிட்ஜும் சந்தேகத்துக்குரியதே. ஓ-ரிங் சரியாக உட்காராமல் தண்ணீர் ஓரமாகப் போய்க்கொண்டிருக்கலாம்.

இந்த இடத்தில் ஆர்.ஓ.வுக்குள் போகும் நீரின் எஸ்.டி.ஐ. எனப்படும் வண்டல் அடர்த்திக் குறியீட்டை வாரம் ஒருமுறை எடுங்கள். 0.45 மைக்ரான் வட்டத்தாளில் 2.1 பார் அழுத்தத்தில் நீரை விட்டு, முதல் 500 மில்லி நிரம்ப ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஓட்டத்தை நிறுத்தாமல், தொடங்கி 15 நிமிடம் ஆனதும் மறுபடி 500 மில்லி பிடித்து நேரம் குறிக்க வேண்டும். முதல் நேரத்தை இரண்டாம் நேரத்தால் வகுத்து, வந்ததை 1-இலிருந்து கழித்து, 100-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் குறியீடு. முதலில் 30 நொடி, பிறகு 60 நொடி என்றால் 3.3. இது 5-ஐத் தாண்டக் கூடாது, 3-க்குள் இருந்தால் நிம்மதி. வட்டத்தாளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். நிறம் மாறிவரும் விதமே பல கேள்விகளுக்குப் பதில் சொல்லும்.

படி 8: ஆர்.ஓ. மெம்பிரேன்

பாலிஅமைட் மெம்பிரேனுக்குக் குளோரின் ஆகாது. உள்ளே போகும் நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும் கீழே இருக்க வேண்டும். அடைப்பைக் கழுவி எடுக்கலாம், குளோரின் அரித்த மெம்பிரேனை எந்தக் கழுவலாலும் மீட்க முடியாது.

'நேற்றைவிட இன்று நல்ல நீர் குறைந்திருக்கிறது' என்ற புகார் வந்ததும் முதலில் நீரின் வெப்பநிலையைப் பாருங்கள். வெப்பம் 1 டிகிரி குறைந்தால் மெம்பிரேன் தரும் நீர் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். 30 டிகிரியிலிருந்து 20-க்கு இறங்கினால் கால் பங்கு காணாமல் போகும், அடைப்பு எதுவும் இல்லாமலே. ஆகவே வெப்பம், அழுத்தம், உப்பு அளவு மூன்றுக்கும் திருத்தம் செய்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். மெம்பிரேன் தயாரிப்பாளர்களே இதற்கான கணக்குத்தாள் தருகிறார்கள். அப்படித் திருத்திய பிறகு நீர் 10 முதல் 15 சதவீதம் குறைந்தாலோ, உப்பு கசிவது 5 முதல் 10 சதவீதம் கூடினாலோ, அழுத்த வித்தியாசம் 10 முதல் 15 சதவீதம் ஏறினாலோ கழுவ வேண்டிய நேரம். தள்ளிப்போட்டால் படிவு இறுகி, கழுவினாலும் வராது.

ஓட்ட மீட்டர்களையும் கண்ணை மூடி நம்ப வேண்டியதில்லை. 75 சதவீத மீட்பில், அதாவது உள்ளே போகும் நீரில் 75 சதவீதம் நல்ல நீராக வரும்படி ஓடும் அமைப்பில் கழிவு நீரின் உப்பு, உள்ளே போகும் நீரைப்போல ஏறக்குறைய 4 மடங்கு இருக்க வேண்டும். 800 உள்ளே போனால் கழிவில் 3,200-ஐ ஒட்டி வரும். 2,400-தான் வருகிறது என்றால் உண்மையான மீட்பு 67 சதவீதம். ஏதோ ஒரு மீட்டர் பொய் சொல்கிறது. அதுவே 4,800-ஆக இருந்தால் கவலைப்பட வேண்டும், மீட்பு 83 சதவீதத்தைத் தொட்டு, கடைசி மெம்பிரேன்களில் உப்புப் படியத் தொடங்கியிருக்கும்.

எங்கே அடைக்கிறது என்பதே எது அடைக்கிறது என்பதைச் சொல்லிவிடும். முதல் வரிசையில் அழுத்த வித்தியாசம் ஏறினால் சேறு அல்லது நுண்ணுயிர், அதாவது முன்னால் உள்ள வடிகட்டிகளின் தவறு. கடைசி வரிசையில் நீர் குறைந்து உப்பு கூடினால் செதில். ஆண்டிஸ்கேலன்ட் தொட்டியைப் போய்ப் பாருங்கள். செதில் பிடித்த கடைசி மெம்பிரேனைக் கையில் தூக்கினாலே கனம் தெரியும். ஒரே ஒரு வெசலில் (மெம்பிரேன்கள் அடுக்கிய அழுத்தக் குழாயில்) மட்டும் உப்பு கூடினால் மெல்லிய குழாயை நடு நீர்க்குழாய்க்குள் விட்டு, அடிக்கு அடி உப்பை அளங்கள். இணைப்பு இருக்கும் இடத்தில் எண் எகிறினால் அங்கே ஓ-ரிங் போயிருக்கிறது. மெம்பிரேனை மாற்ற வேண்டியதில்லை.

கழுவும் முறை: கரைசலை ஆர்.ஓ. நீரில் மட்டுமே கலக்க வேண்டும், கடின நீரில் காரம் கலந்தால் தொட்டியிலேயே செதில் விழும். பொதுவாகக் காரம் முதலில், அமிலம் பிறகு. கரிமப் படிவும் நுண்ணுயிரும் இருக்கும்போது அமிலத்தை முதலில் விட்டால் அவை இன்னும் இறுகிவிடக்கூடும். சுண்ணாம்புச் செதிலோ இரும்போதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 2 சதவீத சிட்ரிக் அமிலத்தில் தொடங்கலாம். பி.எச்., வெப்பம் இரண்டின் எல்லையும் மெம்பிரேன் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி. 35 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பு பெரும்பாலும் போதும். ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் முதல் வரிசையின் அழுக்கு இரண்டாவதில் போய் அடையும். 8 அங்குல வெசல் ஒன்றுக்கு மணிக்கு 7 முதல் 10 கன மீட்டர் ஓட்டம் வேண்டும். அழுத்தம் குறைவாக, நல்ல நீர் வெளியே வராத அளவில் இருக்க வேண்டும். அழுத்தம் கொடுத்தால் அழுக்கு மெம்பிரேன் மேலேயே போய் அமரும். முதலில் திரும்பி வரும் கலங்கல் நீரைத் தொட்டிக்கு விடாமல் வடிகாலில் விடுங்கள். சுற்றவிட்டு, ஊறவிட்டு, மறுபடி வேகமாகச் சுற்றவிடுங்கள். நடுவில் பி.எச். 0.5-க்கு மேல் நகர்ந்தால் மருந்து வேலை செய்து தீர்ந்திருக்கிறது, கூடுதலாகச் சேருங்கள்.

படி 9: வால்வும் கருவியும்

ஓட்டத்தில் இருக்கும்போது வடிகால் குழாய்கள் காய்ந்திருக்க வேண்டும். சொட்டினால் ஒரு வால்வு முழுதாக மூடவில்லை. எங்கே சொட்டுகிறதோ அந்த வால்வின் எண்ணை எழுதிவிடுங்கள். காற்றால் இயங்கும் வால்வுகளுக்கு வரும் காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. பி.எச். மீட்டரை 7-இலும், 4 அல்லது 10-இலும் வைத்து வாரம் ஒருமுறை சரிபார்க்கவும். கண்டக்டிவிட்டி மீட்டருக்கு 1,413 மைக்ரோசீமன்ஸ் திட்டக் கரைசல் போதும்.

படி 10: நிறுத்தும்போதும் மறுபடி தொடங்கும்போதும்

பராமரிப்பில் அதிகம் மறக்கப்படுவது ஆலை ஓடாத நாள்கள். ஆர்.ஓ.வை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் செறிந்த கழிவு நீரை ஆர்.ஓ. நீரால் குறைந்த அழுத்தத்தில் அலசித் தள்ள வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் நிறுத்துவதானால் 1 சதவீத சோடியம் பைசல்பைட் கரைசலை நிரப்பி, காற்று புகாமல் மூடி, வாரம் ஒருமுறை பி.எச். பாருங்கள். 3-க்குக் கீழே போனால் கரைசலை மாற்ற வேண்டும். மெம்பிரேன் ஒருபோதும் காயக் கூடாது.

தொடங்கும்போது வரிசை முன்னாலிருந்து பின்னால். மணல் வடிகட்டியை முழுமையாகக் கழுவி ரின்ஸ் செய்து, கரி வடிகட்டியையும் அதேபோலக் கழுவி, வெளியேறும் நீரின் குளோரினைச் சோதித்து, சாஃப்ட்னருக்கு உப்பு ஏற்றிக் கடினத்தன்மை பார்த்து, டோசிங் குழாயில் காற்றை நீக்கி, புதிய கார்ட்ரிட்ஜ் போட்டு, எஸ்.டி.ஐ. எடுத்த பிறகே ஆர்.ஓ.வுக்கு நீர் விட வேண்டும். முதலில் குறைந்த அழுத்தத்தில் விட்டு வெசல்களில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். பிறகு உயர் அழுத்தப் பம்பை ஓட்டி, நொடிக்கு 0.7 பாருக்கு மேல் ஏறாதபடி அழுத்தத்தைக் கூட்டுங்கள். வேகமாக ஏற்றினால் மெம்பிரேனின் வெளி உறை வெடிக்கும், சுருள் நகரும். முதல் ஒரு மணி நேரம் வரும் நல்ல நீரை வடிகாலில் விடுங்கள். அளவுகள் நிலைத்ததும் ஒவ்வொரு கலனின் அழுத்த வித்தியாசத்தையும் எடுத்து, படி 2-இல் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள்.